தூக்குத் தண்டனையின் வரலாறு: இணையத்தில் தேடுவதா, சுவடிக்கூடத்தில் புரட்டுவதா?

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23 அன்று, வெலிக்கடைச் சிறையில். அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு தீர்ப்பும் தூக்குமேடை வரை போகவில்லை. 2019-இல் அது மாறிவிடும்போல் இருந்தது. அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், பதவிக்கு விண்ணப்பம் கோரப்பட்டது. ஜூன் மாதத்தில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, நால்வரின் தண்டனையை நிறைவேற்றும் ஆணைகளில் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த மாதங்களில் பஸ்ஸிலும் தேநீர்க் கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: "தூக்கு இருந்த காலத்தில் இப்படியெல்லாம் நடக்கவில்லை."

நடந்ததா இல்லையா என்பதைத் தூக்கு இருந்த காலத்தின் பத்திரிகைகளைப் படித்தால் அறியலாம். யார் கொன்றார், யார் கொல்லப்பட்டார், யார் தூக்கில் தொங்கினார், யார் தப்பினார் என்பதெல்லாம் அவற்றில் நாள்வாரியாகக் கிடக்கின்றன. இந்த வேலையில் இறங்க விரும்பும் சட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் முதலில் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதைத்தான். கொழும்பில் வசிக்கும் தமிழ் வாசகருக்கு நான்கு வழிகள் உள்ளன: வெளிநாட்டு நூலகங்களின் இணையத் தொகுப்புகள், நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேமிப்பு, தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கும் கட்டப்பட்ட தொகுதிகள், பத்திரிகைகளை விட்டுச் சட்ட அறிக்கைகளையும் சட்டசபை உரைகளின் பதிவான ஹன்சாட்டையும் நாடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நேரத்தின் பெரும்பகுதியைச் சுவடிக்கூடத்துக்குக் கொடுங்கள். மற்ற மூன்றையும் அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்திலிருந்து தொடங்கும் ஆசை நியாயமானதுதான். அவுஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இரண்டும் இலவசம். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம். கொழும்புச் செய்தி அவற்றில் எப்படி வரும் என்று சிலர் ஐயப்படுகிறார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து போன தபால் கப்பல்கள் கொழும்பில் தரித்துத்தான் சென்றன. கப்பலில் ஏறிய இலங்கைப் பத்திரிகைகளை அடுத்த துறைமுகத்தின் ஆசிரியர்கள் வெட்டி எடுத்துத் தங்கள் பத்தியில் போட்டுக்கொண்டார்கள். தந்தி வந்த பிறகு செய்தி இன்னும் வேகமாகப் போனது. 1845-இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பக்கங்களைச் சிங்கப்பூர்த் தொகுப்பில் புரட்டலாம். 1935-இல் தோன்றிய 'தமிழ் முரசு' இதழும் அங்கே உண்டு.

இவற்றின் பலம் பெரிய வழக்குகளில் தெரியும். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டம்பர் 25-இல் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அப்போது இலங்கையில் மரண தண்டனை இடைநிறுத்தப்பட்டிருந்தது. அதைச் செய்தது அவருடைய அரசாங்கமே கொண்டுவந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் இறந்து சில மாதங்களுக்குள் தண்டனை திரும்பி வந்தது. சுட்டவரான தல்துவே சோமராம 1962 ஜூலை 6 அன்று வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். சதியின் தலைவரெனத் தீர்ப்பளிக்கப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரரும் எச்.பி. ஜயவர்தனவும் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையோடு தப்பினார்கள். திரும்பக் கொண்டுவந்த சட்டத்தின் வாசகம் முன்பே நடந்த கொலைக்குப் பின்னோக்கிப் பொருந்தியதுபோல் கொலைச் சதிக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம். இந்தக் கதையின் முதுகெலும்பை, தேதி தேதியாக, வெளிநாட்டுத் தொகுப்புகளிலிருந்து ஒரு வார இறுதியில் எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ட்ரோவில் பெரும்பாலான பத்திரிகைகள் 1954-உடன் நின்றுவிடும். அதற்குப் பிந்திய செய்திகளுக்கு 'கான்பெரா டைம்ஸ்' போன்ற சிலவே கைகொடுக்கும்.

ஆனால் தேடல் கட்டத்தில் நீங்கள் ஒரு பெயரை இட வேண்டும். பெயர் தெரிந்தவரைத்தான் தேட முடியும். கொள்ளைத் தலைவர் சரதியலைத் தேடினால் கிடைப்பார், சோமராம கிடைப்பார். இலங்கையில் தூக்கிலிடப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நம் நினைவில் பெயரே இல்லை. காணித் தகராறில் கத்தி எடுத்த விவசாயி, கள்ளுக்கடைச் சண்டையில் நண்பனைக் குத்தியவர், மனைவியைக் கொன்றவர் ஆகியோரின் செய்தி கடல் தாண்டிப் போகவில்லை. உள்ளூரிலேயே ஐந்தாம் பக்கத்தின் அடியில் நாலு வரியாக வந்தது. இணையத்தை மட்டும் நம்பி எழுதினால், மரண தண்டனை என்பது கொள்ளைத் தலைவர்களுக்கும் பிரதமரைக் கொன்றவர்களுக்கும் உரியது என்ற சித்திரமே மிஞ்சும். உண்மையில் அது ஏழைகளின் வரலாறு. அந்த ஏழைகளைக் கணக்கில் எடுக்காத ஆய்வை என்னால் ஏற்க முடியவில்லை. மங்கிய அச்சைக் கணினி தவறாக வாசிக்கும் சிக்கலும் இருக்கிறது. ஆனால் அது சிறிய குறை. திருத்திய பாடத்தை வாசகர்களே ட்ரோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

2005 முதல் இயங்கும் நூலகம் தளத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். 'உதயதாரகை', 'ஈழகேசரி', 'ஈழநாடு' என்று வேறெங்கும் திரையில் காண முடியாத இதழ்கள் அதில் இருக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட பிறகு, இப்படியொரு சேமிப்பு இருப்பதே பெரிய ஆறுதல். வடக்கின் கொலை வழக்குகளை யாழ்ப்பாணப் பத்திரிகை எப்படிப் பார்த்தது என்று அறிய விரும்புபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எனினும் இதழ்கள் தொடர்ச்சியாக இல்லை. ஒரு வழக்கு, கொலை போன்ற பெரிய குற்றங்களை ஜூரர்களோடு விசாரித்த அசைஸ் நீதிமன்றத்தில் தொடங்கித் தூக்குமேடையில் முடிய மாதக்கணக்கில் ஆகும். நடுவே இதழ்கள் விடுபட்டால் அந்த மனிதரின் முடிவு தெரியாமலே போய்விடும். தனி இதழ்களுக்கு நூலகம் ஒப்பற்றது. ஒரு வழக்கைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டியவருக்கு அது போதாது.

ஆகவேதான் கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில் (பழைய ரீட் அவெனியூ) உள்ள தேசிய சுவடிக்கூடத்தை முதலில் நிறுத்துகிறேன். 1832-இன் 'கொழும்பு ஜேர்னல்' தொடங்கி இந்நாட்டின் பத்திரிகைகள் அங்கே தொகுதி தொகுதியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. 1839-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் முதற்கொண்டு பத்திரிகை நடத்துபவர் தம்மைப் பதிவுசெய்து பிரதியையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அச்சகங்களைக் கண்காணிக்கக் காலனி அரசு போட்ட விதி அது. இன்று ஆய்வாளருக்கு அதனால்தான் இந்தச் செல்வம் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எரிந்துபோனவற்றில் சிலவற்றைக் கொழும்பில் தேடிப் பார்க்க முடிகிறதென்றால் அதற்கும் இந்த ஏற்பாடே காரணம்.

வாசகர் அனுமதி பெற வேண்டும். தொகுதியைக் கேட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பென்சிலால்தான் குறிப்பெடுக்க வேண்டும். நலிந்துபோன தொகுதியைத் தர மறுப்பார்கள். அப்போது கோபிக்காமல் நுண்படச் சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். பழையது எல்லாம் உடைந்துபோயிருக்கும் என்று எண்ண வேண்டாம். கந்தலைக் கூழாக்கிச் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தாள் பல இடங்களில் இன்னும் உறுதியாக இருக்கிறது. மரக்கூழில் செய்த பிற்காலத் தாள்தான் அமிலத்தால் பழுத்து, தொட்டால் உதிர்கிறது. எனவே 1840-களைவிட 1940-களைப் படிப்பது கடினம். யுத்த காலத்தில் தாள் தட்டுப்பாட்டால் பக்கங்களும் குறைந்தன. அதற்கேற்ப நாட்களை ஒதுக்குங்கள்.

தொகுதியைப் புரட்டுவதால் கிடைக்கும் லாபம், தேடாததும் கண்ணில் படுவது. கொழும்பின் நீதிமன்ற வட்டாரமான புதுக்கடையில் அசைஸ் அமர்வு தொடங்கும் வாரத்தில் வழக்குப் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கொலை வழக்கையும் அடுத்த வாரங்களில் பின்தொடரலாம். ஜூரர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்பது பெரும்பாலும் செய்தியிலேயே இருக்கும். இது சின்ன விஷயமல்ல. இங்கிலாந்தில் அக்காலத்தில் பன்னிரண்டு ஜூரர்களும் ஒருமனதாகச் சொன்னால்தான் ஒருவர் குற்றவாளி. இலங்கையில் ஜூரர்கள் ஏழு பேர். ஐவர் ஒரு பக்கம் நின்றால் போதும். இருவர் நம்பாத குற்றத்துக்காகவும் ஒருவரைத் தூக்கிலிட முடிந்தது. எத்தனை பேருக்கு அப்படி நேர்ந்தது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே வந்தால், யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்தவராவீர்கள்.

சுவடிக்கூடத்துக்குள் நுழைந்த பிறகும் தெரிவு முடியவில்லை. தமிழ்ப் பத்திரிகையா, ஆங்கிலப் பத்திரிகையா? காலத்தைப் பொறுத்துத்தான் பதில். 1930 ஆகஸ்டில் 'வீரகேசரி'யும் 1932 மார்ச்சில் 'தினகரன்' இதழும் வந்த பிறகுதான் கொழும்பில் நிலைத்த தமிழ் நாளிதழ்கள் உண்டு. அதற்கு முன் 1841-இன் உதயதாரகை, 1882-இல் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', 1889-இன் 'இந்து சாதனம்' போன்றவை இருந்தன. அவை நாளிதழ்கள் அல்ல. கொலை வழக்கை நாள்தோறும் தொடர்வது அவற்றின் வேலையும் அல்ல. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஆங்கிலமே அடிப்படை: 1834-இல் பிறந்த 'ஒப்சேவர்', 1846-இல் பிறந்த 'டைம்ஸ்'. 1864 மே 7 அன்று கண்டியில் சரதியலோடு அவருடைய நண்பர் மம்மலே மரிக்காரும் தூக்கிலிடப்பட்டதை நாட்டார் கதைகள் எவ்வளவோ அலங்கரித்துவிட்டன. அலங்காரத்தைக் களைய அக்கால ஆங்கிலப் பத்திரிகைகளைத்தான் பார்க்க வேண்டும்.

1930-க்குப் பிறகு ஒரு மொழியோடு நிற்பது பிழை. இதற்கு ஸ்டெலன்பேர்க் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1941-இல் புப்புரஸ்ஸப் பகுதியிலுள்ள அந்தத் தோட்டத்தின் துரை போப் கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதன் என்ற இரண்டு தமிழ்த் தொழிலாளர்கள் அதற்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். டைம்ஸ் என்பது துரைமாரும் வணிகக் கம்பனிகளும் படித்த பத்திரிகை. வீரகேசரி இந்தியாவிலிருந்து வந்த ஒரு செட்டியார் தொடங்கியது; மலையகத்தில் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். முன்னதற்கு இது ஒரு துரையின் கொலை. பின்னதன் வாசகர்களுக்கு, தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றப் போராடிய நாட்களில் தங்கள் இருவர் தூக்கு ஏறிய சம்பவம். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே தேதிக்குத் திறந்து வைத்துப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகளில் தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலில் வரும். தேடல் கட்டம் இங்கேயும் கைவிட்டுவிடும். கண்ணால் பார்ப்பவருக்கு அது ஒரு தடையே அல்ல.

தினகரனையும் வீரகேசரியையும் ஒப்பிடும்போது 1973-ஐ மறக்கக்கூடாது. அந்த ஆண்டு தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் கைக்கு மாறியது. 1971 முதல் 1977 வரை அவசரகாலச் சட்டமும் இருந்தது. கடைசித் தூக்குகள் நிறைவேறிய ஆண்டுகள் இவைதான். அந்தக் காலத்துக்குத் தினகரனை மட்டும் பார்த்து எழுதியவரின் கட்டுரையை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

சில சட்டத்தரணிகள் நான்காவது வழியைச் சொல்வார்கள்: பத்திரிகை எதற்கு, நியூ லோ ரிப்போர்ட்ஸ் தொகுதிகள் இருக்கின்றனவே? அவற்றின் துல்லியத்தைப் பத்திரிகையால் எட்ட முடியாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சட்டப் பிரச்சினை என்ன, ஜூரர்களுக்கு நீதிபதி சொன்னது சரியா என்பதையெல்லாம் அங்கேதான் பார்க்க வேண்டும். ஆனால் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இலங்கையில் உருவானதே 1938-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான். அதற்கு முன் அசைஸில் தண்டிக்கப்பட்ட பெரும்பாலோருக்குத் தேசாதிபதியின் கருணையே கடைசி வாசல். கருணை மனுவின் முடிவு சட்ட அறிக்கையில் வராது. 1938-க்குப் பிறகும் அறிக்கை மேன்முறையீட்டோடு நின்றுவிடும். 'மனு தள்ளுபடி' என்ற வரிக்குப் பின் அந்த மனிதர் தூக்கிலிடப்பட்டாரா, தண்டனை குறைக்கப்பட்டதா என்று அது சொல்வதில்லை. தண்டனை விதிக்கப்பட்டவர் எல்லோரும் தூக்கிலிடப்பட்டவர் அல்லர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எண்ணிக்கை போடுவதே இத்துறையில் மிகப் பெரிய தவறு.

மறுபக்கம், பத்திரிகை வாய்மூடிய இடங்களும் உண்டு. 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ், ஜூலை 7 அன்று ஹென்றி பேதிரிஸ் வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தணிக்கைக்கு உட்பட்டிருந்த அன்றைய பத்திரிகைகளில் முழுக் கதையைத் தேடுவது வீண். அந்த ஆண்டுக்குச் சட்ட நிரூபண சபையின் ஹன்சாட்டை எடுங்கள். பொன்னம்பலம் இராமநாதன் அங்கே இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எதிர்த்து ஆற்றிய உரைகள் எந்தப் பத்திரிகைப் பத்தியும் தராததைத் தரும். 1942-இல் கொக்கோஸ் தீவில் கலகம் செய்ததற்காகக் கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இரண்டு இலங்கைச் சிப்பாய்களும் அந்த ஆகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டதும் அப்படித்தான். யுத்தத் தணிக்கை அதை மூடிவிட்டது. தண்டனையை ஒழிக்க வேண்டும் என்ற வாதத்தின் வரலாற்றுக்கும் ஹன்சாட் இன்றியமையாதது. 1928-இலேயே டி.எஸ். சேனாநாயக்க சட்ட நிரூபண சபையில் கொண்டுவந்த ஒழிப்புத் தீர்மானம் நிறைவேறியது என்பது இன்று பலருக்குத் தெரியாது. குற்றம் கூடியதா குறைந்ததா என்ற எண்களை விரும்புபவர் நோர்வல் மொரிஸ் தலைமையிலான மரண தண்டனை ஆணைக்குழுவின் 1959-ஆம் ஆண்டு அறிக்கையையும் படிக்க வேண்டும். தேநீர்க் கடை வாதத்துக்கு அதைவிடக் கவனமான பதில் இந்நாட்டில் எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

கறுவாத்தோட்டத்திலேயே 1877-இல் தொடங்கிய தேசிய நூதனசாலை நூலகமும், சுதந்திர சதுக்கத்துப் பக்கம் தேசிய நூலகமும் இருக்கின்றன. சுவடிக்கூடத்தில் ஒரு தொகுதி கிடைக்காதபோது அவை மாற்று. பத்திரிகை அலுவலகங்களின் சொந்தக் கோப்புகளைப் பார்க்க அறிமுகமும் அனுமதியும் வேண்டும். அவை கிடைத்தால் நல்லது, ஆனால் அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கேள்வியைப் பொறுத்து இந்த வரிசை சற்று மாறும். ஒரு புகழ்பெற்ற வழக்கு மட்டும் போதுமென்றால் இணையத்தில் தொடங்கிச் சட்ட அறிக்கையில் முடித்துவிடலாம். உங்கள் குடும்பத்தில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருந்தால், முதலில் ஆண்டையும் ஊரையும் அவர்களிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு அந்த வட்டாரத்தின் அசைஸ் அமர்வுகளைத் தொகுதிகளில் தேடுங்கள். இப்படிக் கிடைக்கும் பெயர்களை வெளியிடும்போது அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஊரில் வாழக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடமை. 1976-க்குப் பிந்திய காலத்தை ஆராய்பவர், 'மரண தண்டனை' என்ற தலைப்பைக் கண்டதும் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும்: அதன்பின் என்ன நடந்தது? 1982-இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட குட்டிமணியும் ஜெகனும் தூக்கிலிடப்படவில்லை. 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடைக்குள் சக கைதிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். தூக்குகளை மட்டும் எண்ணும் அட்டவணையில் அவர்களுக்கு இடமே இருக்காது. அதற்காகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குற்றம், தீர்ப்பு, மேன்முறையீடு, கருணை மனு, முடிவு என்று தனித்தனிப் பத்திகள் இடச் சொல்கிறேன்.

முதல் நாள் என்ன கேட்பது என்று தெரியாமல் சுவடிக்கூடத்தில் நிற்க வேண்டாம். 1962 ஜூலைக்குரிய வீரகேசரி, தினகரன், டெய்லி நியூஸ் தொகுதிகளைக் கேளுங்கள். சோமராமவின் தேதி தெரியும் என்பதால் எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று கண் பழகும். பழகிய பிறகு அதே தொகுதிகளில் முன்னும் பின்னும் நகர்ந்து, நீங்கள் கேள்விப்படாத ஒருவரின் வழக்கைப் பிடித்துக்கொண்டு, அவருடைய முடிவு தெரியும் வரை விடாமல் போங்கள்.